அய்யாவுக்கு இல்லாத மாத்திரை

நல்லம்மாளுக்குக் கோபம் வந்தால் ரயில்வே குவார்ட்டர்ஸில் சேவல்கூடக் கூவ யோசிக்கும் என்று அவள் புருஷன் தம்புசாமியே சொல்லிச் சிரிப்பார். குழாயடியில் குடத்தை முந்தி வைத்தவள், கறியில் எலும்பைச் சேர்த்து நிறுத்தவன், குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் குறைவு. ஆனால் அந்தக் கோபம் மழைக்காலத்து வெயில் மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும். திட்டு வாங்கியவன் வீட்டுக்கே சாயங்காலம் மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள்.

போகாத கோபம் ஒன்று அவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் வந்தது.

அப்போது அவள் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தாள். தரை கழுவுவது, துணி அலசுவது, வலியில் கத்துகிற பெண்ணின் முதுகைத் தேய்த்துவிடுவது, செத்துப்போனவளைக் குளிப்பாட்டிக் கட்டி அனுப்புவது எல்லாம் அவள் வேலை. கடைசியாகச் சொன்ன வேலை அடிக்கடி வந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருக்கும், தாய் சிரித்த முகமாக இருப்பாள், திடீரென்று குளிர் எடுக்கும், உடம்பு அனலாகக் கொதிக்கும், வாரம் முடிவதற்குள் கதை முடிந்துவிடும். அந்தப் பிரசவ ஜுரத்துக்கு மருந்து என்று ஒன்று இருந்ததாக நல்லம்மாளுக்கு நினைவில்லை.

அந்த வருஷம்தான் புதிதாக ஒரு வெள்ளை மாத்திரை வந்தது. அடுத்த வீட்டு இராஜம்மாவுக்கு அதே ஜுரம் கண்டு, கண் செருகி, அவள் மாமியார் அழவும் ஆரம்பித்தாயிற்று. டாக்டர் பேசில் அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து இராஜம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுக்கா, கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். நல்லம்மாள் கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம், கண்டவரிடமெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு. எமனுக்கு இனிமேல் இந்த ஊரில் வேலையில்லை என்று கோயில் வாசலிலேயே நின்று சொன்னாள்.

மார்கழி பிறந்த சமயத்தில் அவள் தம்பி அய்யாவு வந்தான்.

கிள்ளானைத் தாண்டி இருக்கும் வெள்ளைப்பாலத் தோட்டத்தில் அவன் ரப்பர் மரம் சீவுகிறவன். தாய் தகப்பன் இருவரும் தோட்டத்துக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபோது நல்லம்மாளுக்கே மீசை முளைக்காத வயசு என்று தம்புசாமி கேலி செய்வார். அந்த வயசிலேயே அவனுக்குச் சோறூட்டி ஆளாக்கினவள் அவள். அவன் முகத்தில் எப்போதும் ஓர் அசட்டுச் சிரிப்பு இருக்கும். அன்றைக்குக் காலை ரயிலில் பெண்டாட்டி சீதாலெட்சுமியோடு வந்து இறங்கியவனிடம் அது இல்லை.

"ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல அண்ணி. என்னான்னு சொல்லவும் மாட்டேங்கிறாரு. அதான் உங்ககிட்டக் கூட்டியாந்தேன்" என்றாள் சீதாலெட்சுமி.

நல்லம்மாள் கோப்பி கலந்து கொடுத்தாள். அய்யாவு கோப்பையை வாயருகே கொண்டுபோனான். அவ்வளவுதான். கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டது. தலை பின்னுக்கு இழுத்தது. கோப்பை விழுந்து உடைந்தது.

"என்னடா?"

"தெரியலக்கா. தொண்டையில ஆரோ கைய வுட்டுப் புடிக்கிற மாதிரி இருக்கு." அவன் வெட்கப்பட்டவன் போலக் கீழே கிடந்த சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தான். குனிந்தவன் கெண்டைக்காலைப் பரபரவென்று சொறிந்தான்.

"அங்க என்ன?"

"நாய் கடிச்சது. தீபாவளிக்கு முந்தி. ஆறிப்போச்சுக்கா. இப்பத்தான் திரும்ப எறும்பு ஊர்ற மாதிரி சுறுசுறுங்குது."

வாசலிலிருந்து காற்று உள்ளே வந்தது. அந்தச் சின்னக் காற்று முகத்தில் பட்டதற்கே அவன் உடம்பு தூக்கிப் போட்டது. நல்லம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் பேசில் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர். இளவயசு, அதிகம் பேசாதவர். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கிண்ணம் அறைக்குள் வருவதற்கு முன்பே, தண்ணீர் தளும்பும் சத்தத்திலேயே அய்யாவின் முகம் கோணிக்கொண்டது. டாக்டர் கிண்ணத்தை வெளியே அனுப்பிவிட்டு அவன் தோளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நல்லம்மாளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"நல்லம்மா, இது நாய்வெறி."

"சரிங்கய்யா. அந்த மாத்திரையைக் குடுங்க."

"எந்த மாத்திரை?"

"இராஜம்மாவுக்குக் குடுத்தீங்களே, அது."

"அது இதுக்குக் கேக்காது."

"நாய் ஊசின்னு ஒண்ணு உண்டாமே, அதையாவது போடுங்க."

"அதுக்கும் நேரம் போயிருச்சு. இனிமே செய்ய ஒண்ணும் இல்ல. வலி தெரியாம, பயம் தெரியாம வச்சிருக்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்."

ஆஸ்பத்திரியில் ஓர் ஆயா டாக்டரிடம் குரல் உயர்த்துவது அதுவரை நடக்காத காரியம். நல்லம்மாள் உயர்த்தினாள்.

"கண்ணால பாத்தேனய்யா நானு! செத்தவளா கெடந்தவ எந்திரிச்சுக் கஞ்சி கேட்டா. அலமாரியில போத்தல் நிறைய வச்சிக்கிட்டு இல்லேங்கிறீங்க. மரம் சீவுறவன்தானேன்னா? தொரை வூட்டு ஆளா இருந்தா இந்நேரம் குடுத்திருக்க மாட்டீங்க?"

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் போனதை அவள் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்தில் தனியாக இருந்த ஓர் அறையில் அய்யாவைப் போட்டார்கள். ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். தூக்க ஊசி போட்டபோது கொஞ்சம் தூங்கினான். விழித்தபோது சில சமயம் யாரென்றே தெரியாமல் கையைக் கடிக்க வந்தான். சில சமயம் பழைய அய்யாவாகவே பேசினான். "அக்கா, தாகமா இருக்கு. ஆனா தண்ணியக் கண்ணுல காட்டாத" என்றான். சீதாலெட்சுமி அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

நல்லம்மாள் தன் வார்டுக்குப் போனாள். மருந்து அலமாரிச் சாவி வார்டு நர்ஸ் டொரத்தி மிஸ்ஸியின் இடுப்பில் இருந்தது.

"மிஸ்ஸி, ஒங்களுக்கும் ஒரு தம்பி இருக்கான்."

"நல்லம்மா, டாக்டர் சொல்லியிருக்காரு, அது பிரயோஜனம் இல்லன்னு."

"பிரயோஜனம் இல்லாதத ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

டொரத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மாத்திரைகளைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, டின் பாலில் குழைத்து, விரலில் எடுத்து அய்யாவின் நாக்கில் தடவினாள் நல்லம்மாள். சீதாலெட்சுமி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். விழுங்கடா, விழுங்கடா என்று கெஞ்சினாள் அக்கா. அவன் முயற்சி செய்தான். அவளுக்காகத்தான் செய்தான். தொண்டை இறுக்கிப் பிடித்து, உடம்பு வில்லாய் வளைந்து, பாதி நுரையோடு வெளியே வந்தது. பாதி உள்ளே போயிற்று. மறுபடி தடவினாள். மறுபடி வளைந்தது. அந்த வேதனையைத் தான்தான் கொடுக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இராஜம்மா எழுந்து உட்கார்ந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அய்யாவு எழுந்து உட்காரவில்லை. மறுநாள் மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, இழுப்பு நின்று கை கால் துவண்டு அடங்கினான். வார்டில் எத்தனையோ பெண்களைக் குளிப்பாட்டின கை அவனைக் குளிப்பாட்ட மறுத்தது. தம்புசாமிதான் செய்தார்.

காரியம் முடிந்த மறுநாளே நல்லம்மாள் சீதாலெட்சுமியையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலைக்கு அல்ல. டாக்டர் பேசில் வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"திருடிக் குடுத்தேன்" என்றாள். "வேலைய வுட்டுத் தூக்கணும்னா தூக்கிக்குங்க. மிஸ்ஸிக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரே மாத்திரை. அவ பொழைச்சா. இவன் செத்தான். ஏன்? நான் படிக்காதவதான். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, இல்லாட்டி நீங்க படிச்சது பொய்யுன்னு ஒத்துக்குங்க."

டாக்டர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அன்றைக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

"மாத்திரை எடுத்தது எனக்குத் தெரியும். நானே கையால குடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கேளுங்க. இராஜம்மாவுக்கு ஜுரம் குடுத்தது ஒரு கிருமி. அதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கலாம். நான் பாத்திருக்கேன், மணி கோத்த மாதிரி இருக்கும். ஒரு குப்பியில மாட்டுக்கறிச் சூப்பை ஊத்தி அதுல வுட்டா, தன்பாட்டுக்கு வளரும். அது தனிக்குடித்தனம் பண்ற ஜந்து. அதுக்குன்னு ஒரு ஒடம்பு, அதுக்குன்னு ஒரு பொழைப்பு. அந்தப் பொழைப்பை மாத்திரை எப்படியோ கெடுத்துடுது. எப்படின்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது. ஆனா நம்ம சதையை வுட்டுட்டு அதை மட்டும் புடிக்குது."

"இவனுக்கு வந்தது?"

"அது வேற சாதி. எந்தக் கண்ணாடியிலயும் தெரியாது. கிருமியெல்லாம் தங்கற பீங்கான் வடிகட்டியில வடிச்சா இது மட்டும் சொட்டுத் தண்ணியோட தண்ணியா எறங்கிப் போயிடும். சூப்புல போட்டா வளராது. உசுரோட இருக்கிற சதைக்குள்ள பூந்தாத்தான் வளரும். தனக்குன்னு பொழைப்பு கெடையாது. நம்ம சதையையே தனக்கு வேலை செய்ய வச்சிக்கும். உங்க தம்பிக்கு அது நரம்பு வழியா மூளைக்குள்ள போய் உக்காந்துருச்சு. அவன் மூளை எது, அது எதுன்னு பிரிக்க முடியாதபடி உக்காந்துருச்சு. அதைக் கொல்ற அளவுக்கு விஷம் குடுத்தா முதல்ல மூளைதான் சாகும். மாத்திரையை எங்க பாத்து அடிக்கச் சொல்வீங்க?"

நல்லம்மாள் மாத்திரை தடவின தன் விரலைப் பார்த்தாள்.

"இது ஒண்ணு மட்டும் இல்ல" என்றார் டாக்டர். இப்போது அவர் குரலும் ஏறியிருந்தது. "பெரியம்மை, இளம்பிள்ளை வாதம், இருவது வருஷத்துக்கு முந்தி அந்தப் பெரிய சண்டை முடியற சமயம் தோட்டம் தோட்டமா ஆளை வாரிட்டுப் போச்சே அந்தச் சளிஜுரம், எல்லாம் இந்தச் சாதிதான். ஒண்ணுக்கும் மருந்து கெடையாது. அம்மைக்கு ஏன் வர்றதுக்கு முன்னாடியே கையில கீறி வுடறோம்? வந்த பின்னாடி எங்க கையில ஒண்ணும் இல்ல, அதனாலதான். நாய் ஊசியும் அப்படித்தான். அது நோயக் கொல்ற மருந்து இல்ல. நோய் மூளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒடம்பைத் தயார் பண்றது. கடிச்ச எடத்துலேருந்து மூளைக்குப் போக அதுக்கு வாரக்கணக்கா, சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். அத்தனை நாளும் நமக்கு நேரம் இருக்கு. உங்க தம்பி தீபாவளிக்கு முந்தி கடிபட்டான். அப்பவே வந்திருந்தா நான் பாத்திருப்பேன். ஏன் வரல? நீங்க என்னை ஏசுறீங்க. நான் அவனை ஏசிக்கிட்டிருக்கேன், மனசுக்குள்ள. ஏன் வரல அவன்?"

நல்லம்மாள் சீதாலெட்சுமி பக்கம் திரும்பினாள்.

சீதாலெட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கடித்த அன்றைக்கே தோட்டத்தில் புண்ணுக்கு மருந்து போடும் டிரசர் அயோடின் தடவி, கோலாலம்பூர் போய்வந்தால் நல்லது என்று சொன்னானாம். அய்யாவு தோட்டத்து ஆபீஸில் ஆள் கணக்குப் பார்க்கும் கிராணி ராதாகிருஷ்ணனிடம் போய் லீவு கேட்டான். தினமும் போட வேண்டிய ஊசி, அத்தனை நாள் மரம் சும்மா கிடக்குமா, தெருநாய் கடிக்கெல்லாம் ஊருக்குப் போவதென்றால் தோட்டமே காலியாகிவிடும் என்று கிராணி சொல்லிவிட்டான். அய்யாவு மறுபடியும் கேட்டான். அதற்கடுத்த வாரமும் கேட்டான். புண் ஆறிப்போன பிறகு கேட்க வெட்கமாக இருந்தது.

"இதுல இன்னொண்ணு அண்ணி" என்று நிறுத்தினாள். "கிராணி பெஞ்சாதி கோழிய நாய் வாயிலேருந்து வுடுவிக்கப் போனப்ப அவங்க கையிலயும் அதே நாய் பல்லு பட்டிருச்சு. அவங்களத் தொரையோட மோட்டார்ல அன்னைக்கே இங்க கூட்டியாந்துட்டாங்க. ஊசி முடியறவரைக்கும் இங்கதான் ஆரோ சொந்தக்காரங்க வூட்டுல இருந்தாங்க."

நல்லம்மாள் கத்தவில்லை. அதைப் பார்த்து டாக்டருக்கே பயம் வந்ததாகப் பிற்பாடு டொரத்தியிடம் சொன்னாராம்.

"வேற யாரையும் கடிச்சுதா?" என்று டாக்டர் அவசரமாகக் கேட்டார்.

"பில்லு வெட்டுற தனலெட்சுமிய. முழங்கைகிட்ட."

"அவளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா."

"நல்லா இருக்கறப்பவே கூட்டியாங்க. நாள் ரொம்பப் போயிருச்சு, ஆனா குறி காட்டாதவரைக்கும் வழி இருக்கு. போங்க!"

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில், வெள்ளைப்பாலத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் விளக்கும் கையில் உளியும் வாளியுமாக நின்றவர்கள், செம்மண் பாதையில் சீதாலெட்சுமியோடு ஒரு வெளியூர்ப் பெண் வேகமாக வருவதைப் பார்த்து ஒதுங்கினார்கள். கிராணி ராதாகிருஷ்ணன் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக மேசைக்குப் பின்னால் இருந்தான்.

"யாரம்மா நீ? வெளியாள் தோட்டத்துக்குள்ள வரக்கூடாது, தெரியாதா?"

"அய்யாவோட அக்கா."

"ஓ. பாவம், நல்ல வேலைக்காரன். ஜுரத்துல போயிட்டான்னு கேள்விப்பட்டேன்."

"ஜுரமா?" அவள் மேசையின்மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "தாகத்துல செத்தான்யா. ஒரு சொட்டுத் தண்ணி எறங்காம, நுரை தள்ளிச் செத்தான். ஒங்க பெஞ்சாதி வயித்துல ஊசி குத்தறப்ப நீங்க கூட நின்னீங்களா, இல்லையா?"

வரிசையில் சலசலப்பு எழுந்தது. கிராணியின் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"அவங்களுக்குப் பயம். அதனால போட்டோம். அய்யாவு வந்து கேக்கவே இல்ல."

"கேட்டாரு!" என்றாள் சீதாலெட்சுமி. அவள் அந்தக் களத்தில் வாய் திறந்து பேசினது அதுதான் முதல் தடவை. "ஒங்க ஆபீஸ் படியில ஒக்காந்து கேட்டாரு. நானும் கூட இருந்தேன்."

"நாய்க்கு வெறின்னு யாருக்குத் தெரியும்? சும்மா..."

"அப்ப எதுக்கு அதைச் சுட்டீங்க?" வரிசையின் நடுவிலிருந்து யாரோ ஓர் ஆண் கேட்டான். கிராணி யாரென்று பார்க்கத் தலையை நீட்டினான். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது.

நல்லம்மாள் 'நீங்க'வை அதோடு விட்டாள். "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவள மோட்டார்ல ஏத்துனே. தெரிஞ்சுதான் இவன மரத்துக்கு அனுப்புனே. அந்தப் பூச்சிக்கு மருந்து இல்லேன்னு டாக்டர் சொல்றாரு, அதுல நான் ஆர ஏசுறது? ஏச ஆளு கெடையாது. ஆனா வர்றதுக்கு முன்னாடி தடுக்க வழி இருந்துச்சு. அந்த வழியில நீ குறுக்க நின்னே." பிறகு வரிசையைப் பார்த்துக் கேட்டாள்: "இதுல தனலெட்சுமி ஆரு?"

ஒல்லியான பெண் ஒருத்தி, கையில் அரிவாளோடு, மற்றவர்கள் பின்னால் மறையப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. போனா பேரை வெட்டிருவாங்க" என்றாள்.

"வெட்டட்டும். வா."

"போனா கண்டிப்பா வெட்டுவேன்" என்றான் கிராணி. "வூட்டையும் காலி பண்ணணும்."

நல்லம்மாள் தனலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அய்யாவின் ஞாபகம் இருந்ததோ என்னவோ, தனலெட்சுமி கை வலித்தும் உதறவில்லை. சில ஆண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக் கேட் வரைக்கும் கூட நடந்து வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் மரத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

தனலெட்சுமி நல்லம்மாளின் வீட்டிலேயே தங்கினாள். தினமும் வயிற்றில் ஊசி. வயிறு கட்டி கட்டியாக வீங்கி வலித்தது. ஒரு நாள் முடியவே முடியாது, தோட்டத்துக்கே போகிறேன் என்று அழுதாள். நல்லம்மாள் அவளையும் திட்டினாள்; திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டு போனாள். ஊசிகள் முடிந்த பிறகும் ஒரு வழக்கம் நிற்கவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒரு லோட்டா தண்ணீரைத் தனலெட்சுமி கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கிறவரை கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். குடித்து முடித்தால்தான் அடுப்பு பற்றவைப்பாள்.

ஒரு வருஷம் போல ஆகியும் தனலெட்சுமிக்கு ஒன்றும் வரவில்லை. நல்லம்மாள் டாக்டர் பேசிலிடம் கேட்டாள்: "ஊசிதானே காப்பாத்துச்சு?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"கடிபட்ட எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. அவளுக்கு வந்திருக்குமா, வந்திருக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்? வராம இருக்கு. அதுதான் தெரியும்."

"ஒங்க வாயில 'ஆமா'ன்னு ஒண்ணு வரவே வராதா?" என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தொழிலாளர் விவகாரம் பார்க்கிற அலுவலகத்துக்கும் அவள் போகாமல் இல்லை. அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். லீவு கேட்கவே இல்லை என்று தோட்டத்தில் சொல்கிறார்கள், டிரசரும் தனக்கு நினைவில்லை என்கிறான், செத்தவன் வந்து சொல்ல முடியாதே அம்மா என்றார். கிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சீதாலெட்சுமிக்கும் தனலெட்சுமிக்கும்தான் தோட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. டொரத்தி சொல்லி, இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நல்லம்மாளின் வேலையும் போகவில்லை. மாத்திரை குறைந்த கணக்கை டாக்டர் என்ன சொல்லி மூடினார் என்பதை அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில், ஆண்கள் வார்டில் கிராணி ராதாகிருஷ்ணன் படுத்திருப்பதாகச் சீதாலெட்சுமி ஓடிவந்து சொன்னாள். நுரையீரலில் சளி கட்டி, மூச்சு முட்டி, நினைவில்லாமல் கொண்டுவந்திருந்தார்கள். நல்லம்மாள் போய் எட்டிப் பார்த்தபோது பேசில் டாக்டர்தான் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் கையில் வெள்ளை மாத்திரை.

"இது எந்தச் சாதி?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள்.

டாக்டருக்கு உடனே புரிந்தது. "கண்ணாடியில தெரியற சாதி" என்றார் மெதுவாக. "மாத்திரை கேக்கும்."

கேட்டது. சில நாளில் ஜுரம் இறங்கி, கிராணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நல்லம்மாள் வேலை முடிந்து ஒரு சாயங்காலம் அவன் கட்டிலருகே போய் நின்றாள். அவன் அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மடக்மடக்கென்று அது இறங்குகிற சத்தம் அவளால் தாங்க முடியவில்லை. குவளையை அவன் கீழே வைக்கிறவரை சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அய்யாவு இதே ஆஸ்பத்திரியிலதான் செத்தான். பின்னால இருக்கிற ரூம்ல. ஒனக்கு அது தெரியணும்."

"நான் என்னம்மா செய்யிறது? ஆள் குறையக்கூடாதுன்னு தொரை உத்தரவு. நானும் சம்பளக்காரன்தான்."

"ஒம் பெஞ்சாதிக்கு மோட்டார் குடுத்ததும் அதே தொரைதானே? நீ போய்க் கேட்டே, குடுத்தாரு. அய்யாவுக்காக ஒரு தடவை கேட்டியா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் அவன் முதுகைப் பார்த்துச் சொல்ல இன்னும் எவ்வளவோ வைத்திருந்தாள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே தண்ணீர் கேட்டார். யாரும் இல்லை. குவளையை நிரப்பி அவருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு அவள் யாரையும் பார்த்து எமனுக்கு வேலையில்லை என்று சொன்னதில்லை. பிரசவ வார்டில் அந்த மாத்திரை காப்பாற்றின ஒவ்வொரு பெண்ணுக்கும் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படும்போதே வயிறு எரிந்தது. எரிகிறது என்று வாய்விட்டே டொரத்தியிடம் சொல்லுவாள். அம்மை குத்த ஆட்கள் வந்தால் குவார்ட்டர்ஸில் ஒளிந்துகொள்கிற பிள்ளைகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக் கொடுப்பவள் அவள்தான். தாய்மார்கள் சாபமிடுவார்கள். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பங்சார் பக்கத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பால் கொண்டுவரும் ஒருவர், ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்து அவள் வாசலில் பால் அளந்தார். புறங்காலில் புகையிலையை வைத்துத் துணி சுற்றியிருந்தது.

"என்னண்ணே காலு?"

"நாய்தாம்மா, லேசா. ஓடிருச்சு சனியன். நாளைக்கு நாளன்னைக்கு சரியாப் போயிரும். நேரம் கெடைச்சா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம்."

நல்லம்மாள் பால் செம்பைக் கீழே வைத்தாள். அவருடைய பால் கேனைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். "ஊசி போட்டுட்டு வந்து கேனை வாங்கிக்குங்க. நடங்க, நானும் வரேன்" என்றாள்.

"என்னம்மா இது அக்கிரமம்! இன்னும் அத்தனை வூட்டுக்குப் பால் ஊத்தணும்..."

"நடங்கங்கிறேன்ல!"

தெருவே வேடிக்கை பார்த்தது. பால்காரர் ஏசிக்கொண்டே முன்னால் நொண்ட, அவரைவிட உரக்க ஏசிக்கொண்டு நல்லம்மாள் பின்னால் நடந்தாள்.